வாசகர் கேள்வி: அடக்க விலைக்குக் கீழே விற்கலாமா?

கேள்வி: பொறியியல் படித்துவிட்டு உற்பத்திப் பிரிவில் இருந்தேன். இப்போது ஒரு பிரிவுக்கே மேலாளராக்கிவிட்டார்கள். கூட்டங்களில் மார்ஜினல் காஸ்ட், எலாஸ்டிசிட்டி என்று பேசுகிறார்கள். தலையாட்டிவிட்டு வருகிறேன். பொருளாதாரத்தை எங்கே தொடங்கிப் படிப்பது?

பதில்: அந்த வார்த்தைகளைச் சொல்கிறவர்களிலும் பலர் தலையாட்டிகள்தான், கவலையை விடுங்கள். இந்தப் பாடத்தைப் பல காலம் நடத்தியவன் நான். தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் படத்தை முதல் வகுப்பிலேயே போட்டு மாணவர்களை விரட்டுவது எங்கள் குலத்தொழில். நீங்கள் அங்கே போகாதீர்கள். உங்கள் பிரிவின் செலவுப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரே, 'நான் எடுக்கப்போகிற முடிவால் இது மாறுமா?' என்று கேளுங்கள். மாறாது என்றால், அந்த முடிவைப் பொறுத்தவரை அது செலவே இல்லை.

கணக்காகவே பார்ப்போம். ஒரு பொருளை 100க்கு விற்கிறீர்கள். மூலப்பொருள், மின்சாரம் என்று ஒன்றுக்கு 60 போகிறது. மாதம் 1,000 விற்கிறது. வாடகை, நிரந்தரச் சம்பளம் 20,000. அதை ஒன்றுக்கு 20 என்று பங்கு போட்டு, அடக்கம் 80 என்று கணக்குப் பிரிவு எழுதித் தருகிறது. இயந்திரமோ 1,200 வரை செய்யும். ஒருவர் வந்து, '75 தருகிறேன், 200 வேண்டும்' என்கிறார். கட்டுப்படியாகாது என்று அனுப்பிவிடுவதா? அந்த 20,000 இவர் வந்தாலும் வராவிட்டாலும் போகத்தான் போகிறது. கூடுதலாகப் போவது ஒன்றுக்கு 60தான். கூட்டத்தில் மார்ஜினல் காஸ்ட் என்கிறார்களே, அது இந்த 60தான். 15 வீதம் 3,000 கையில் நிற்கும். கூடுதலாக ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் இந்தப் பார்வையை 1870களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ரா என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் ஒருவரையொருவர் சாராமல் எழுதி வைத்தார்கள். அவர்கள் பேசியது நுகர்வோருக்குக் கிடைக்கும் பயனைப் பற்றி; செலவுக்கும் அதே பார்வைதான்.

இதே இயந்திரம் ஏற்கெனவே 1,200ஐயும் செய்து, 100க்கே விற்றுக்கொண்டிருந்தால்? 75க்கு ஒன்று கொடுக்க, 100க்குப் போகவேண்டிய ஒன்றை நிறுத்த வேண்டும். 40 வரவேண்டிய இடத்தில் 15. கைவிட்ட அந்த 40தான் வாய்ப்புச் செலவு. எந்தப் பேரேட்டிலும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, 100 கொடுக்கிறவர் காதில் 75 விழுந்தால் கதையே வேறு. அதற்குச் சூத்திரம் கிடையாது. விற்பனைப் பிரிவில் விவரமான ஆளைக் கேளுங்கள்.

கேள்வி: விலையை 10 சதவீதம் குறைத்தால் விற்பனை கூடும் என்கிறார் எங்கள் விற்பனைத் தலைவர். நம்பலாமா?

பதில்: கூடும். எவ்வளவு கூடும் என்று கேட்டீர்களா? மேலே உள்ள எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். விலை 90 ஆனால் ஒன்றுக்கு நிற்பது 40 அல்ல, 30. ஒன்றுக்கு 40 வீதம் 1,000க்கு வந்த பழைய 40,000ஐத் தொடவே 1,334 விற்க வேண்டும். 10 சதவீதக் குறைப்புக்கு 33 சதவீதத்துக்கும் மேல் விற்பனை ஏற வேண்டும், அதாவது எலாஸ்டிசிட்டி 3.3க்கு மேல். விலை ஒரு சதவீதம் மாறினால் விற்பனை எத்தனை சதவீதம் மாறும் என்பதுதான் எலாஸ்டிசிட்டி. இயந்திரம் 1,200ஓடு நின்றுவிடும் என்பது வேறு! மாறாக 10 சதவீதம் ஏற்றினால், 800 விற்றாலே பழைய 40,000 வந்துவிடும். அவருடைய கமிஷன் எண்ணிக்கை மேலா, லாபத்தின் மேலா என்றும் பாருங்கள். எண்ணிக்கை மேல் என்றால், அவர் சொன்ன யோசனை அவருக்கு மிகச் சரியானது.

கேள்வி: ஒரு திட்டத்தில் நிறையப் பணம் போட்டுவிட்டோம். பாதியில் நிறுத்த மனம் வரவில்லை.

பதில்: விட்டதைப் பிடிக்கப் போகாதீர்கள். பிரிட்டனும் பிரான்சும் கான்கார்ட் விமானத்தில் பணத்தைக் கொட்டிக்கொண்டே போனதால், இந்த மனநிலைக்கே அந்த விமானத்தின் பெயர் வந்துவிட்டது. கட்டியது மொத்தம் 20. விமான நிறுவனங்களில் பறந்தது 14. 1976இல் தொடங்கிய சேவை 2003இல் முடிந்தது. இனிமேல் போடவேண்டியது எவ்வளவு, இனிமேல் வரப்போவது எவ்வளவு? இந்த இரண்டை மட்டும் தாளில் எழுதுங்கள். போட்டது அந்தத் தாளிலேயே வரக்கூடாது.

கேள்வி: உதிரிப் பாகத்தை நாமே செய்வதா, வெளியே கொடுப்பதா? வெளியே விலை குறைவாகத்தான் இருக்கிறது.

பதில்: விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சந்தையிலேயே எல்லாம் கிடைக்கும்போது நிறுவனம் என்று ஒன்று எதற்கு என்று 1937இல் ஒரு கட்டுரையில் கேட்டார் பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ். அப்போது அவருக்கு 26 வயது. நோபல் பரிசு வந்தது 1991இல். ஆளைத் தேடுவது, பேரம் பேசுவது, ஒப்பந்தம் போடுவது எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவு கூடும் இடத்தில் வேலை நிறுவனத்துக்குள் வந்துவிடுகிறது என்பது அவர் கண்ட பதில். பத்துப் பேர் செய்து தரும் சாதாரண போல்ட் என்றால் யோசிக்காமல் வெளியே வாங்குங்கள். உங்களுக்காக மட்டும் தனி மோல்டு (வார்ப்பு அச்சு) செய்யவேண்டிய பாகம் என்றால் கவனம். மோல்டு செய்து தருகிறவர் கையில் இருந்தால், அடுத்த முறை விலை பேசும்போது உங்கள் குடுமி அவரிடம். வெளியே கொடுத்தே ஆகவேண்டும் என்றால், மோல்டுக்கு நீங்களே பணம் கட்டி உங்கள் சொத்தாக்கிக்கொள்ளுங்கள். கேட்டதும் திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள்.