'தகவல் போர்' படிக்க ஆசைப்படும் மகள்: ஒரு அப்பாவின் கேள்விக்குப் பதில்

கடலூர் முதுநகரிலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் மகள் 'தகவல் போர்' படிக்கணும் என்கிறாள், அது வாட்ஸ்அப்பில் வதந்தி பரப்புகிற வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வதந்தி அதில் ஒரு ஓரம்தான். எதிரிக்குப் போகும் தகவலைக் குழப்புவதும், நம் தகவலைக் காப்பதும்தான் தகவல் போர்.

கப்பல்களில் ஏ.ஐ.எஸ். என்று ஒரு கருவி உண்டு. தன் பெயரையும் இருக்குமிடத்தையும் சுற்றியுள்ளவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 2021 ஜூனில் பிரிட்டனின் 'டிஃபெண்டர்' போர்க்கப்பல் உக்ரைனின் ஒடெசா துறைமுகத்தில் நின்றிருந்தது. ஏ.ஐ.எஸ். திரையிலோ அது ரஷ்யக் கடற்படைத் தளமான செவாஸ்டபோலை நெருங்கிக்கொண்டிருந்தது. யாரோ பொய்த் தடம் போட்டிருக்கிறார்கள். துறைமுகத்து வெப்கேமராதான் குட்டை உடைத்தது.

ஏவுகணைச் சண்டையிலும் இதே கதைதான். எதிரிக் கப்பலைத் தன் கடல்பக்கம் வரவிடாமல், வந்தாலும் நடமாட விடாமல் செய்வதை 'மறுப்பு உத்தி' என்பார்கள். சீனாவின் டி.எஃப்.-21டி ஏவுகணை சுமார் 1,500 கி.மீ. போய்க் கப்பலைத் தாக்கும். ஆனால் கப்பல் எங்கே என்று செயற்கைக்கோளும் ரேடாரும் சொல்ல வேண்டும். அது கட்டளை மையத்துக்குப் போய், அங்கிருந்து ஏவுதளத்துக்கு வர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைக் குழப்பிவிட்டால் ஏவுகணைக்குக் குருட்டுக் கண். கப்பல்காரர்கள் அதைக் குழப்பப் பார்ப்பார்கள், ஏவுகிறவர்கள் காக்கப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கமும் உண்டு: பொதுக்கருத்து, உளவியல், சட்டம் என்று 'மூன்று போர்களை' 2003-லேயே சீன ராணுவம் கொள்கையாக்கியது. கப்பலை அனுப்பலாமா என்று எதிர் அரசு தயங்கினாலே பாதி வேலை முடிந்தது.

தகவல் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கடலூரே சாட்சி. அங்கே 1783 ஜூனில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்களே, அப்போது ஐரோப்பாவில் சமாதான முன்னொப்பந்தம் கையெழுத்தாகி ஐந்து மாதம். செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சரி, படிப்புக்கு வருவோம். 'சைபர் வார்' என்று பெயர் போட்ட டிப்ளமோவுக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். பெயர் புதுசாக இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. கணக்கும் இயற்பியலும் பிடிக்கும் என்றால் இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) சேரட்டும், சிக்னல், ரேடார், தொலைத்தொடர்பு எல்லாம் அங்கேதான். பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. அப்புறம் 'கேட்' என்ற பொறியியல் தகுதித் தேர்வு எழுதி, நேர்முகம் தாண்டினால் அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வுக்கு வழி உண்டு. அதன் ஹைதராபாத் டி.எல்.ஆர்.எல். ஆய்வகத்துக்கு மின்னணுப் போர்தான், அதாவது ரேடாரையும் சிக்னலையும் குழப்புவது, காப்பதுதான் தொழிலே. சீருடை ஆசை இருந்தால், 2021 முதல் பெண்களும் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. தேர்வு எழுதலாம்.

எழுத்தும் அரசியலும்தான் பிடிக்கும் என்றால் இளங்கலைக்குப் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வு, அல்லது காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச அரசியல். கூடவே சீன மொழி கற்றால் மதிப்பு கூடும். ஆனால் இந்தப் பக்கம் வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: யூடியூப் பார்த்துப் பள்ளி வலைத்தளத்தை 'சும்மா' உடைத்துப் பார்ப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றம். அரசு வேலைக்குப் போலீஸ் விசாரணை உண்டு.

அரையாண்டுத் தேர்வில் கணக்கிலும் இயற்பியலிலும் எவ்வளவு வாங்கினாள் என்று எழுதுங்கள். எந்தப் பக்கம் என்பதை அதை வைத்துப் பேசலாம்.