பேப்பர் பெக்டரி ஆரு தந்தது? – கடிதமும் பதிலும்

அன்பின் அண்ணன்,

மட்டக்களப்பு வாழைச்சேனை பேப்பர் பெக்டரில அப்பா மெஷின் பக்கம் வேலை செஞ்சவர், நான் இப்ப கனடாவில. இஞ்ச ஊர்க் கூட்டங்கள்ல பெக்டரிக் கதை வந்தா ரெண்டே ரெண்டு பேச்சுதான். ஒரு ஆக்கள் அத தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் தமிழருக்குத் தந்த கொடை எண்டுறாங்க, மற்ற ஆக்கள் மலையகத் தமிழரின்ட பிரஜாவுரிமைய வித்து வாங்கினது எண்டுறாங்க. நீங்க மட்டக்களப்புல இருந்து எழுதுறீங்க, எது சரி?

அன்பின் தம்பி,

ரெண்டும் மேடைப் பேச்சு, ரெண்டிலயும் உங்கட அப்பா இல்ல. எனக்கு அதுதான் கவலை.

ஜீ.ஜீ. 1948ல பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின்ட அமைச்சரவைக்கு கைத்தொழில், மீன்பிடி அமைச்சரா போனவர், காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் கெமிக்கல், வாழைச்சேனை கடதாசி மூண்டும் அவர்ர காலத்துத் திட்டங்கள்தான். மலையகத் தமிழரின்ட பிரஜாவுரிமைய அரசாங்கம் சட்டம் போட்டுப் பறிச்ச விசயத்தில, அவர்ர கட்சியில இருந்த செல்வநாயகம் முரண்பட்டுப் பிரிஞ்சு 1949ல தமிழரசுக் கட்சி தொடங்கினதும் உண்மை, அந்தக் கோபம் நியாயமான கோபம். ஆனா ஜீ.ஜீ.க்கு 1953லயே அமைச்சுப் பதவி போயிட்டுது, இஞ்ச பேப்பர் வரத் தொடங்கினது 1956ல. அதே வருசம் ஜூன் மாசம் சிங்களம் மட்டும்தான் அரசகரும மொழி எண்ட தனிச்சிங்களச் சட்டம் வந்து, அங்கால கல்லோயாக் குடியேற்றத்தில தமிழ் ஆக்கள அடிச்சுக் கொலை செஞ்சாங்க. பெக்டரி பிறந்த நேரம் அப்படி.

ஏன் வாழைச்சேனை எண்டு கேட்டா வைக்கல்தான் பதில். கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று வயல்வட்டையெல்லாம் வேளாண்மை வெட்டி சூடு அடிச்சு முடிய மலை மாதிரி வைக்கல் கிடக்கும், பக்கத்தில ஆறு, கொழும்புக்கு ரெயில் பாதை, வேற என்ன வேணும்? வைக்கல வெட்டி, கோஸ்டிக் சோடா போட்டு நீராவியில அவிச்சு, கழுவி, குளோரினால வெளுத்து கூழாக்கிறது. அந்த ரெண்டு மருந்தும் செய்யுற இடம்தான் பரந்தன். அதாவது மட்டக்களப்பு விவசாயியின்ட வைக்கலும் வன்னியில செஞ்ச மருந்தும் சேந்துதான் கொப்பித்தாள் ஆனது. அந்தக் கொப்பியள நீங்க கண்டிருப்பீங்க, கொஞ்சம் மஞ்சள் ஓடின தாள், மை பேனையால எழுதினா ஊறும், சில பக்கத்தில வைக்கல் தும்பு ஒண்டு அப்படியே ஒட்டிக் கிடக்கும், நகத்தால கிண்டினா ஓட்டை விழும்.

வைக்கல்ல கரைச்சலும் இருந்தது, அதயும் எழுதத்தான் வேணும். அதில சிலிக்கா, மணல்ல இருக்கிற சாமான், கூட, அதால அவிச்ச கறுத்த தண்ணியில இருந்து மருந்தத் திருப்பி எடுக்கிறது கஷ்டம், அந்தக் கழிவு ஆத்துக்குத்தான் போச்சு. மீன்பிடிக்கிற ஆக்களுக்கு பெக்டரி தந்தது அதுதான். கொடை எண்டு பேசுற ஒருத்தரும் இதச் சொல்றதில்ல.

அரசியலும் மேடைல சொல்றத விட சிக்கல். 1977ல வடக்கு கிழக்கெல்லாம் தமிழர் விடுதலைக் கூட்டணி அலை அடிக்கக்குள்ள வாழைச்சேனை இருக்கிற கல்குடாத் தொகுதில ஐக்கிய தேசியக் கட்சி, அதான் யூ.என்.பி.யில நிண்டு கே.டபிள்யூ. தேவநாயகம் வெண்டு, மறுகா நீதி அமைச்சரும் ஆனார். அரசாங்க வேலைக்கு எம்.பி.யின்ட கடிதம் வேணும் எண்ட காலம் அது. வேலைக்காக வாக்குப் போட்ட ஆக்கள துரோகி எண்டு சொல்றவங்களோட நான் ஒத்துப்போகமாட்டன், வீட்டில அடுப்பு எரியோணும். ஆனா அதே அரசாங்கம்தான் இறக்குமதிக் கதவத் திறந்து விட்டது, வெளிநாட்டுப் பேப்பரோட எங்கட வைக்கல் பேப்பர் எப்படிப் போட்டி போடும்?

அதோட யுத்தம். பரந்தன் 1985ல நிண்டு போச்சு, மருந்து வார வழி அடைபட்டது, வட்டைக்குப் போய் வைக்கல் ஏத்த ஏலாது, பெக்டரிக்குள்ள ஆமிக் காம்ப். ஒரே ஷிப்டில நிண்ட வாழைச்சேனைத் தமிழ் ஆக்களும் ஓட்டமாவடி முஸ்லிம் ஆக்களும் 85லயும் 90லயும் வந்த தமிழ் முஸ்லிம் கலவரங்களால ஆள ஆள் பாக்கப் பயந்த நிலைமை வந்தது. எனக்கு இந்தக் கதையில ஆக நோகிற இடம் இதுதான். ஒண்டா சாப்பாட்டுப் பார்சல் பிரிச்சவங்க, ஒரு பாலத்துக்கு அங்கால இஞ்சால இருந்துகொண்டு வருசக்கணக்கா பேசாம இருந்தாங்க. இத ஒரு மேடையும் பேசாது, ஏனெண்டா இதில ரெண்டு பக்கமும் பதில் சொல்லணும்.

2022 மார்ச்ல பேப்பர் இல்லாம மேல் மாகாணத்தில பள்ளிக்கூடச் சோதினைய பிற்போட்டாங்க, சில பத்திரிகைகள் அச்சில வார சனிக்கிழமைப் பதிப்ப நிப்பாட்டினது. வைக்கல்ல இருந்து தாள் செஞ்ச நாடு இது தம்பி! இப்ப வட்டைக்குப் போனா அறுவடை முடிய வைக்கல நெருப்பு வச்சு எரிக்கிறாங்க.

ஆரு தந்தது எண்ட வழக்க நீங்க விடுங்க. அப்பா இருக்கிறார் எண்டா போன்ல ரெக்கோர்ட் பண்ணுங்க: எந்த மெஷின், எத்தின மணி ஷிப்ட், சம்பளம் எவ்வளவு, யூனியன்ல ஆர் ஆர், ஸ்ட்ரைக் ஏன் வந்தது, குவாட்டர்ஸ்ல பொங்கலுக்கும் பெருநாளுக்கும் என்ன நடந்தது, ஆர் எப்ப வெளிக்கிட்டுப் போனாங்க. அவரோட வேலை செஞ்ச ஓட்டமாவடி ஆக்கள், சிங்கள ஆக்கள் ஆரும் தொடர்பில இருந்தா அவங்களையும் கேளுங்க. பழைய சம்பளச் சீட்டு, ஐடென்டிட்டி கார்ட், விளையாட்டுப் போட்டிப் படம் எது கிடந்தாலும் ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, பின்பக்கத்தில எழுதியிருந்தா அதும் வேணும். நான் இஞ்ச வைக்கல் ஏத்தின லொறி ஆக்களத் தேடிக் கதைக்கிறன், அவங்க அநேகம் பேர் இப்ப வயசாளிகள்.