கொம்பு இருக்கிற இக்போ மர பொம்மை: வார்னிஷ் அடிக்காதீங்க

நண்பரே, லாகோஸ்ல இருந்து அப்பா கொண்டுவந்த மர உருவத்துக்கு தலையில ரெண்டு கொம்பு, வலது கையில கத்தி, இடது கையில ஒரு தலைன்னு எழுதியிருக்கீங்க, இது முன்னோர் சிலையா, வார்னிஷ் அடிக்கலாமான்னு கேட்டீங்க. நீங்க சொல்ற அடையாளத்த வச்சு பாத்தா அது நைஜீரியாவுல இருக்கிற இக்போ மக்களோட இகெங்காங்கிற உருவம் மாதிரி தெரியுது. அது முன்னோர் சிலை இல்லீங்க, ஒரு ஆளோட வலது கைக்கு, அதாவது அவரோட உழைப்புக்கும் சாதனைக்கும் உள்ள உருவம், அதுக்கு கோலா கொட்டை, சேவல் ரத்தம்னு படைப்பாங்க, சில ஊர்கள்ல ஆள் செத்ததும் அத ரெண்டா பிளந்துடுவாங்க. முன்னோர்களுக்கு வைக்கிறது ஒக்போசின்னு சின்ன மரக்கட்டைங்க. உள்ளங்கைய மேல காட்டி நிக்கிற பெரிய உருவங்க அலுசி, அது ஊர் தெய்வம்.

வார்னிஷ் மட்டும் வேணவே வேணாம், மேல படிஞ்ச கறைதான் அதோட வரலாறு, காஞ்ச மெல்லிசு பிரஷ்ல தூசி மட்டும் தட்டுங்க.

விக்கிற எண்ணம் இருந்தா முதல்ல அப்பாகிட்ட எந்த வருஷம், யார்கிட்ட வாங்கினார்னு கேளுங்க. 1967-70 பியாஃப்ரா போர்ல, அதாவது நைஜீரிய உள்நாட்டுப் போர்ல, இக்போ ஊர்கள்ல இருந்து நிறைய சிலைங்க கொள்ளை போயிடுச்சு, 2020ல பாரிஸ்ல கிறிஸ்டீஸ்ங்கிற ஏல நிறுவனம் ஒரு ஜோடி அலுசிய ஏலம் விட்டப்ப சிக்கா ஒகேகே-அகுலுங்கிற இக்போ பேராசிரியர் கடுமையா எதிர்த்தார், எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம்னு படுது. சுற்றுலா கடைக்காக செதுக்கினதும் நிறைய இருக்கு, அடிப்பக்கம், பின்பக்கம் போட்டோ போடுங்க பாக்கலாம்.