படம் பாத்துட்டு கல்கிகிட்ட வந்தவங்க

போன இதழ்ல போற போக்குல பொன்னியின் செல்வன் பத்தி ரெண்டே வரி எழுதினேன், அவ்ளோதான், வந்த கேள்வில பாதிக்கு மேல அதைப் பத்திதான். சரி, இந்த தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. அரசியல் கேள்வி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாப்போம்.

*கேள்வி: படம் வந்ததாலதான் கல்கிய இன்னும் நாலு பேருக்கு தெரியுதுன்னு என் பையன் சொல்றான். கல்கி எழுதினதாலதான் படமே ஓடுச்சுன்னு நான் சொல்றேன். வீட்ல தினமும் இதே சண்டை. நீங்களே சொல்லுங்க.*
– வாசகி, கும்பகோணம்

பதில்: ரெண்டு பேரும் சரின்னு சொன்னா நழுவுறேன்னு திட்டுவீங்க, அதனால நேராவே சொல்லிடுறேன், என் ஓட்டு உங்களுக்குத்தான். கதை கல்கி பத்திரிகைல 1950 அக்டோபர்ல ஆரம்பிச்சு 1954 மே வரைக்கும் வாராவாரம் வந்துச்சு, அதே வருஷம் டிசம்பர்ல கல்கி போயிட்டார், படத்தோட முதல் பாகம் வந்தது 2022 செப்டம்பர் 30. நடுவுல 68 வருஷம்மா! அத்தனை வருஷமும் ஒரு படமும் இல்லாமத்தான் அந்தக் கதை ஓடிட்டு இருந்துச்சு. பத்திரிகையே திரும்பத் திரும்ப தொடரா போட்டுது, எங்க வீட்ல அம்மா வாராவாரம் அந்தப் பக்கத்தை மட்டும் பிரிச்சு எடுத்து சேத்து வச்சு பைண்டிங் பண்ணி வச்சிருந்தாங்க, அட்டை போயி நூல் தொங்குற நிலைமையிலயும் அத யாருக்கும் இரவல் தரமாட்டாங்க.

ஆனா பையனையும் ஒரேயடியா விரட்டாதீங்க, அவன் சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கு. இந்த நாவல்ல புதுசா நுழையுறவங்க தடுக்கி விழுற இடமே பேருங்கதான். பெரிய பழுவேட்டரையர், சின்ன பழுவேட்டரையர், ஆழ்வார்க்கடியான், கந்தன்மாறன், பார்த்திபேந்திரன், அநிருத்தர்னு வரிசையா வந்து நிப்பாங்க, அம்பது பக்கத்துல யாரு யாருக்கு என்ன வேணும்னு குழம்பி புக்க மூடி வச்சவங்க எனக்கே பத்து பேரு தெரியும். படம் என்ன பண்ணுச்சுன்னா ஒவ்வொரு பேருக்கும் ஒரு மூஞ்சிய குடுத்துடுச்சு. பெரிய பழுவேட்டரையர்னா சரத்குமார், குந்தவைன்னா த்ரிஷா, ஆழ்வார்க்கடியான்னா ஜெயராம் குடுமியோட வந்து நிக்கிறார், இனிமே மறக்குமா? எங்க தலைமுறைக்கு அந்த வேலைய ஓவியர் மணியம் பண்ணினார், எனக்கு இன்னிக்கும் நந்தினின்னா அவர் போட்ட கொண்டைதான் ஞாபகம் வரும், ஐஸ்வர்யா ராய் மன்னிக்கணும். ஆக, பையன வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தது படம், அது உண்மை. உள்ள உக்கார வச்சது யாருன்னு அவன்கிட்ட கேளுங்க. அவன் புக்க படிச்சானா இல்லையாங்கறத நீங்க எழுதவே இல்லையே?

*கேள்வி: இவ்ளோ பெரிய படம் எடுத்தாங்களே, கல்கி குடும்பத்துக்கு உரிமைக்கு எவ்ளோ குடுத்திருப்பாங்க?*
– வாசகர், திருச்சி

பதில்: கதைக்கு உரிமைன்னு வாங்க வேண்டிய அவசியமே இல்ல சார். 90களோட கடைசியிலயே தமிழக அரசு கல்கி எழுத்தை நாட்டுடைமை ஆக்கிடுச்சு, வாரிசுகளுக்கு ஒரு பரிவுத் தொகை குடுத்துட்டு எழுத்த பொதுவுல விட்டாச்சு. நீங்க நாளைக்கே திருச்சில ஒரு பிரஸ் வச்சு பொன்னியின் செல்வன் அடிச்சு வித்தாலும் யாரும் கேக்க முடியாது.

இத யாரும் பெருசா பேசுறதில்ல, ஆனா எனக்கு என்னமோ படத்தை விட இதுதான் பெரிய விஷயம்னு தோணுது. டிரெய்லர் பாத்துட்டு ஒருத்தர் கடைக்கு போறார், புக் இல்ல, ஸ்டாக் தீந்து போச்சு, அடுத்த மாசம் வாங்கன்னு சொன்னா அந்த ஆசை அன்னிக்கே செத்துடும். பொன்னியின் செல்வன் விஷயத்துல அது நடக்கவே நடக்காது, ஏன்னா யார் வேணும்னாலும் போடலாம், மலிவுப் பதிப்பு, கெட்டி அட்டை, படம் போட்டது, படம் போடாதது, எல்லாம் இருக்கு, காசே வேணாம்னா நெட்ல முழு டெக்ஸ்ட்டும் கிடக்கு, கண்ணு வலிக்குதுன்னா யூடியூப்ல ஒலிநூல் இருக்கு. அந்தத் தொடர் வந்த கல்கி பத்திரிகையே 2020ல அச்சை நிறுத்திட்டு ஆன்லைனுக்கு போயிடுச்சு, கதை மட்டும் இன்னும் பேப்பர்ல ஜோரா ஓடுது பாருங்க.

*கேள்வி: ரெண்டு பாகமும் பாத்துட்டேன். இனிமே அஞ்சு பாகம் புக் படிக்கணுமா? அதே கதைதானே?*
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: தம்பி, அதே கதை இல்லப்பா. ரெண்டு படமும் சேத்தா அஞ்சரை மணி நேரம், புக்கு ரெண்டாயிரம் பக்கத்துக்கு மேல, ஏதாவது கீழ விழாம எப்படி இருக்கும்? மணிமேகலைன்னு ஒரு பொண்ணு, கந்தன்மாறனோட தங்கச்சி, வந்தியத்தேவன் மேல உசிரையே வச்சிருப்பா, நாவலோட கடைசில நெஞ்சை பிசையுற ஆளே அவதான், படத்துல அவளே கிடையாது. சேந்தன் அமுதன்னு ஒரு பூக்காரப் பையன் படத்துல சும்மா வந்துட்டு போவான், நாவல்ல அவன் யாருன்னு தெரியுற இடம் இருக்கே... சொல்லமாட்டேன், நீங்களே படிங்க.

படம் போர்ல ஆரம்பிக்குது. கல்கி அப்படி ஆரம்பிக்கல, ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீரநாராயண ஏரிக்கரைல, அதாவது இப்போ நாம வீராணம்னு சொல்றமே அந்த ஏரி, ஒரு வாலிபன் குதிரைல போறான், தண்ணிய பாக்குறான், பொண்ணுங்க பாடுறத கேக்குறான், அவ்ளோதான். அவசரமே இல்ல. ஆனா ஒவ்வொரு அத்தியாயம் முடியுறப்பவும் யாராவது கதவை தட்டுவாங்க, இல்ல புதருக்குள்ள ஏதாவது அசையும், அடுத்த வாரம் வரைக்கும் வாசகனை தூங்கவிடக்கூடாதுன்னு எழுதினது அது. இன்னிக்கு வெப் சீரிஸ்காரங்க எபிசோட் கடைசில பண்றாங்களே, அதே வித்தைதான். படத்துல அந்த வாராவார தவிப்பை கொண்டுவர வழியில்ல, மணிரத்னத்தை குறை சொல்லி பிரயோஜனமும் இல்ல. என்னைக் கேட்டா இது சினிமாவுக்குன்னு பொறந்த கதையே இல்ல, நாப்பது எபிசோட் தொடருக்கு பொறந்தது.

*கேள்வி: எம்ஜிஆரே எடுக்க நினைச்சார்னு சொல்றாங்களே, நிஜமா?*
– வாசகர், மதுரை

பதில்: நிஜம். 1958லயே அறிவிச்சார், திரைக்கதை எழுத டைரக்டர் மகேந்திரனை, அப்போ அவர் டைரக்டர் இல்ல, சின்னப் பையன், உக்கார வச்சார். நடக்கல. மணிரத்னமே 80களோட கடைசில ஒருதரம், 2010 வாக்குல ஒருதரம் முயற்சி பண்ணி விட்டவர்தான். நடுவுல 1999ல மேஜிக் லாண்டர்ன் குழு நாடகமா போட்டுது, அதை எழுதின இளங்கோ குமரவேல்தான் பிறகு படத்தோட திரைக்கதையிலயும் இருந்தார்.

*கேள்வி: கல்கி மாதிரி இலக்கியவாதிங்க சினிமாவ மட்டமாத்தானே நினைப்பாங்க?*
– வாசகி, சென்னை

பதில்: கல்கியா? நல்லா கேட்டீங்க போங்க! விகடன்ல சினிமா விமர்சனம் எழுதி படக்காரங்க வயித்துல புளிய கரைச்சவர் அவர். அதே மனுஷன் 1939ல தியாகபூமி கதைய விகடன்ல தொடரா எழுதறப்போ கே. சுப்பிரமணியம் அதை படமாவும் எடுத்துட்டு இருந்தார், தொடருக்கு ஓவியத்துக்கு பதிலா படத்தோட ஸ்டில்ஸே போட்டாங்க. இன்னிக்கு இத செஞ்சா மார்க்கெட்டிங்னு சொல்லுவோம். படத்துல இருந்த காங்கிரஸ் வாடை தாங்காம வெள்ளைக்காரன் தடை வேற போட்டான். ‘காற்றினிலே வரும் கீதம்’ பாட்டு இருக்கே, 1945ல மீரா படத்துக்காக அத எழுதினதும் கல்கிதான்.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. 1941ல கல்கி பத்திரிகை ஆரம்பிக்க பணம் வேணும்னு எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்துல நடிச்சாங்க, அதுவும் நாரதரா, ஆம்பள வேஷத்துல. அந்த சினிமா காசு இல்லேன்னா பத்திரிகை அப்ப வந்திருக்குமான்னே சந்தேகம், பத்திரிகை இல்லேன்னா பொன்னியின் செல்வன் எங்க வரும்? (கும்பகோணம் அம்மா, இத உங்க பையன்கிட்ட காட்டாதீங்க, அவன் கட்சிக்கு பலம் வந்துடும்.)

*கேள்வி: கல்கியோட அடுத்த எந்த நாவலை படமா எடுக்கலாம்?*
– வாசகர், புதுச்சேரி

பதில்: எல்லாரும் சிவகாமியின் சபதம்னு சொல்லுவாங்க, நானும் டிக்கெட் வாங்கி போய் பாப்பேன், நாகநந்தி வேஷத்துக்கு இப்பவே மனசுல ஆளு போட்டு வச்சிருக்கேன். பார்த்திபன் கனவு 1960லயே வைஜயந்திமாலா, ஜெமினி கணேசன் நடிச்சு வந்தாச்சு. (2003ல அதே பேருல ஒரு ஸ்ரீகாந்த் படம் வந்துச்சே, அதுக்கும் கல்கிக்கும் சம்பந்தம் இல்ல, யாரும் ஏமாற வேணாம்.)

எனக்கு ஆசை அலை ஓசை மேலதான். சுதந்திரப் போராட்டம், தேசப் பிரிவினை, டெல்லி, லாகூர், நடுவுல சீதான்னு ஒரு பாவப்பட்ட பொண்ணு. 1956ல சாகித்ய அகாதமி பரிசு வாங்கினது அதுதான், பொன்னியின் செல்வன் இல்ல. ஆனா கடைக்கு போய் பாருங்க, சோழனுக்கு ஒரு அலமாரியே இருக்கும், அலை ஓசை கேட்டா கடைப்பையன் ஏணி போட்டு மேல தேடுவான். வாள் இல்ல, குதிரை இல்ல, கிரீடம் இல்ல, யாரு காசு போடுவா? போன மாசம் நான் கேட்டப்ப அவன் தேடி எடுத்து தூசி தட்டி குடுத்துட்டு, “சார், இது படமா வருதா?”ன்னு கேட்டான்.