கேள்வி பதில்: ஒலிப்பதிவுக்கும் பேக்கப்புக்கும் எந்த டிஸ்க் வாங்கறது?

வள்ளிக்கும்மி, உடுக்கையடிப் பாட்டு, கோயில் கச்சேரின்னு நம்ம பக்கம் ரெக்கார்டிங் சோலி பாக்கறவங்க அனுப்பின கேள்விகள். டிஸ்க் சங்கதி தெரிஞ்ச உறுப்பினர் ஒருத்தர் பதில் சொல்றார்.

கோபிசெட்டிபாளையம்: வள்ளிக்கும்மி அரங்கேற்றம் பதியணுங்க. 16 மைக், மூணு மணி நேரம். 1 டிபி எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாத சிப் டிஸ்க்) வாங்கறதா, அதே காசுக்குப் பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கறதா? வேகம் பத்துமா?

மொதல்ல கணக்குங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வெச்சா ஒரு சேனலுக்கு நொடிக்கு 1,44,000 பைட். மணிக்கு 518 எம்பி. 16 சேனலுக்கு மணிக்கு 8.3 ஜிபி, மூணு மணி நேரத்துக்கு 25 ஜிபி. நொடிக்கு 2.3 எம்பிதான் எழுதறீங்க. நிமிசத்துக்கு 5400 சுத்து சுத்தற டிஸ்க்கே ஒரே கோட்டுல எழுதினா நொடிக்கு 100 எம்பி தாண்டும். அதனால வேகம் பத்தாம யாருக்கும் ரெக்கார்டிங் நிக்கறதில்லை.

நிக்கறதுக்குக் காரணம் வேற. 16 சேனல்னா 16 கோப்பு. டிஸ்க்கோட தலை ஒண்ணுல கொஞ்சம் எழுதி அடுத்ததுக்குத் தாவும். ஒரு தாவலுக்கு 10, 15 மில்லிசெகண்ட் போகும். அதுக்கு நடுவுல ஆன்டிவைரஸும் விண்டோஸ் இன்டெக்ஸிங்கும் வந்து மூக்கை நுழைச்சா பஃபர் (எழுதறதுக்குக் காத்திருக்கற தற்காலிக இடம்) நிறைஞ்சு ரெக்கார்டிங் அறுந்துரும்.

இன்னொண்ணு எஸ்எம்ஆர். இன்னைக்குக் கடையில கிடைக்கற சின்ன கையடக்க டிஸ்க்ல, அதுலயும் 2 டிபியும் அதுக்கு மேலயும், பெரும்பாலும் இதுதான். ஓடு வேயற மாதிரி ஒரு தடத்து மேல அடுத்த தடம் பாதி ஏறி உக்காந்திருக்கும். நடுவுல ஒண்ணை மாத்தணும்னா அந்தப் பட்டை முழுசையும் பிரிச்சு அடுக்கணும். புது டிஸ்க்ல தெரியாது. பாதிக்கு மேல நிறைஞ்சு, அழிச்சு அழிச்சு எழுதினதுக்கப்புறம் திடீர்னு படுத்துக்கும். பெட்டி மேல இதைப் போட மாட்டாங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில 2 முதல் 6 டிபி வரைக்கும் எஸ்எம்ஆர் இருந்ததே 2020லதான் வெளிய வந்துச்சு.

அதனால: பதியறதுக்கு எஸ்எஸ்டி, 500 ஜிபியே தாராளம். மிச்சக் காசுக்கு ரெண்டு ஹார்டு டிஸ்க், வெச்சுக் காப்பாத்தறதுக்கு. எஸ்எம்ஆர் அந்த வேலைக்குப் பரவாயில்லை, ஒரு தடவை எழுதி மூடி வெக்கறதுதானே. பவர் ஆப்ஷன்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் டிஸ்க் தூங்கற நேரத்தையும் நிறுத்திருங்க. ரெக்கார்டிங் ஃபோல்டரை ஆன்டிவைரஸ்ல விலக்கி வையுங்க.

ரெண்டு டிஸ்க்ல காப்பி ஏறாம எஸ்எஸ்டியை அழிக்காதீங்க. இதை இன்னும் பல தடவை சொல்லப் போறேன்.

தாராபுரம்: பென்டிரைவ்ல நேரா பதியலாமுங்களா?

ரெண்டு சேனலுக்குச் சரி. பல சேனலுக்கு வேண்டாம். சூடேறினா வேகம் பாதாளத்துக்குப் போயிரும்.

பொள்ளாச்சி: நான் விண்டோஸ், மிக்ஸிங் பண்றவர் மேக். எதுல ஃபார்மேட் பண்ணணும்?

கைமாத்தற டிஸ்க் மட்டும் எக்ஸ்ஃபேட், ரெண்டு பக்கமும் படிச்சு எழுதும். பதியற டிஸ்க் உங்க பக்கம் என்டிஎஃப்எஸ். அதை மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட்ல ஜர்னல் (எழுதற மாற்றத்தை முன்னாடியே குறிச்சு வெக்கற பதிவேடு) கிடையாது. எழுதிட்டிருக்கும்போது கேபிளைப் புடுங்கினா ஒரு கோப்போட போகாம ஃபோல்டர் பட்டியலே கெடலாம். விண்டோஸ் 10ல 1809 பதிப்புலருந்து 'குவிக் ரிமூவல்' (எஜெக்ட் பண்ணாம எடுக்கலாம்ங்கற அமைப்பு)தான் இயல்பு. ஆனாலும் எஜெக்ட் பண்ணிட்டே எடுங்க.

ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல ஒரே கோப்பு நிக்காது. சாதா வேவ் கோப்புக்கும் அதே 4 ஜிபி வரம்பு, தலைப்புல நீளத்தை 32 பிட்லதான் எழுத முடியும். சேனலுக்கு ஒரு கோப்புன்னா எட்டு மணி நேரத்துக்கு மேல தாங்கும், தொந்தரவில்லை. 16 சேனலையும் ஒரே கோப்புல அடைச்சா 31 நிமிசத்துல முடிஞ்சுது. அப்படித்தான் பதிவீங்கன்னா அந்த வரம்பு இல்லாத ஆர்எஃப்64 வடிவத்தைத் தேர்ந்தெடுங்க.

அந்தியூர்: கோயில்ல கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறற நேரத்துல டிஸ்க் நின்னுருச்சு. இப்ப கோப்பு 0 செகண்ட்னு காட்டுது. விடிய விடிய பாடின அண்ணன்மார் கதைங்க. போச்சா?

வெசனப்படாதீங்க, பெரும்பாலும் இருக்கும். அந்த டிஸ்க்ல இனி ஒரு எழுத்துகூட எழுதாதீங்க. கோப்போட அளவைப் பாருங்க. 900 எம்பி, 1 ஜிபின்னு காட்டினா பாட்டு உள்ள இருக்கு. வேவ் கோப்போட தலைப்புல நீளத்தை மென்பொருள் கடைசில, நிறுத்தற பொத்தானை அமுக்கினப்பறந்தான் எழுதும். நடுவுல செத்ததால அந்த இடம் காலியா நிக்குது.

கோப்பை வேற டிஸ்க்குக்குக் காப்பி பண்ணிக்குங்க. ஆடாசிட்டிங்கற ஒலி மென்பொருள்ல இம்போர்ட் போய் 'ரா டேட்டா'ன்னு தேர்ந்தெடுங்க. 24 பிட் சைன்டு பிசிஎம், லிட்டில் எண்டியன், ஒரு சேனல், 48000, ஆஃப்செட் (எத்தனை பைட் தள்ளி ஆரம்பிக்கறது) 0. திறந்ததும் முழுக்க இரைச்சலாக் கொட்டினா பயப்படாதீங்க. ஒரு சாம்பிளுக்கு மூணு பைட், நீங்க நடு பைட்டுல ஆரம்பிச்சிருக்கீங்க. ஆஃப்செட்டை 1ன்னு மாத்துங்க, அதுக்கும் சரியாகலைன்னா 2. மூணுல ஒண்ணு நிச்சயம் பாடும். ஆரம்பத்துல 'டக்'குனு வர்றது பழைய தலைப்பு, வெட்டி எறிஞ்சிருங்க. பாட்டு இழுத்து, சுதி இறங்கி வந்தா நீங்க 44100 போட்டிருக்கீங்க.

அளவே 0 பைட்னு காட்டினா சங்கதி வேற. அப்ப எதையும் ஓட்டாதீங்க, விண்டோஸோட டிஸ்க் சரிபார்க்கற செக்டிஸ்க்கூட வேண்டாம். மொத்த டிஸ்க்கையும் பைட் பைட்டா ஒரே நகல் கோப்பா (டிஸ்க் இமேஜ்) எடுத்துட்டு, அந்த நகல்லதான் மீட்பு வேலை பாக்கணும்.

அடுத்த தடவைக்கு: 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனியா 12 வோல்ட் அடாப்டர் வேணும். கரண்ட் போனா லேப்டாப் பேட்டரியில உயிரோட இருந்தாலும் டிஸ்க் செத்துரும். வெளி வேலைக்கு லேப்டாப்லருந்தே கரண்ட் எடுக்கற சின்ன டிஸ்க்கோ எஸ்எஸ்டியோதான். கதைக்கு நடுவுல காபி குடிக்க நிறுத்தறப்ப ரெக்கார்டிங்கையும் நிறுத்தித் திரும்ப ஆரம்பிங்க. போனாலும் ஒரு துண்டோட போகும்.

திருப்பூர்: 8 மைக், வாரம் ரெண்டு நிகழ்ச்சி. எத்தனை டிபி வாங்கலாம்?

மேல 518 எம்பின்னு எழுதியிருக்கேன். சேனலால பெருக்குங்க, மணியால பெருக்குங்க. ரெண்டு மடங்கு வெச்சுக்குங்க.

நாமக்கல்: ஆன்லைன்ல 16 டிபி எஸ்எஸ்டி 1,500 ரூபாய்க்கு வருதுங்க, வாங்கலாமா?

உள்ள 64 ஜிபி கார்டு ஒண்ணை ஒட்டி, 16 டிபின்னு பொய் சொல்ல வெச்சிருப்பாங்க. நிறைஞ்சதும் பழசு மேலயே எழுதும், கோப்புப் பேர் மட்டும் அழகாத் தெரியும். எந்தப் புது டிஸ்க்கையும் எச்2டெஸ்ட்டபிள்யூங்கற சோதனை மென்பொருள்ல முழுசா எழுதிப் படிச்சுப் பாத்துட்டு வேலைக்கு எடுங்க.

கோவை, கணபதி: ஒரே கோப்பை ஹார்டு டிஸ்க்லருந்தும் எஸ்எஸ்டிலருந்தும் ஓட்டிக் கேட்டேன். எஸ்எஸ்டியில பாஸ் இறுக்கமா, சுத்தமா இருக்குது. இதை ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?

இல்லாததைப் பேச முடியாதுங்க. ரெண்டு கோப்பையும் ரெண்டு டிராக்ல ஒரே புள்ளியில வையுங்க, லெவல் ரெண்டும் 0. ஒண்ணோட ஃபேஸைத் திருப்புங்க, அதாவது அலையைத் தலைகீழாக்குங்க; ஒரே மாதிரி இருந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். மீட்டர் அசையலைன்னா ரெண்டும் ஒண்ணு.

கணபதி, மறுபடியும்: பண்ணினேன், மீட்டர் அசையலை. ஆனா காது பொய் சொல்லுமுங்களா?

சூலூர்: அண்ணன் சொல்றது நெசம். எனக்கும் ஹார்டு டிஸ்க்ல ஓட்டினா சன்னமா ஒரு 'கீச்' கேக்குது.

காங்கேயம்: ரெண்டு பேரும் காதைக் கழுவுங்கப்பா. பைட்டுக்கு ஏது பாஸ்?

காங்கேயத்துக்காரர் கொஞ்சம் பொறுங்க. சூலூர்க்காரர் சொன்னது பாயின்ட். டிஸ்க்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் ஒரே ஹப்ல சொருகியிருக்குதுங்களா? தனி அடாப்டர் இல்லாத ஹப்பா?

சூலூர்: ஆமாங்க, ரெண்டும் ஒரே ஹப்.

அதுதான். யுஎஸ்பி 3 துளை தர்றது 900 மில்லிஆம்பியர். அதை ஹப் பங்கு போடுது. டிஸ்க்கோட தலை நகரும்போதெல்லாம் மின்னோட்டம் ஏறி இறங்கும். அது 5 வோல்ட் கம்பி வழியா இன்டர்ஃபேஸோட அனலாக் பக்கம் கசியும். கோப்பு மாறலை, கரண்ட்தான் அழுக்கு. இன்டர்ஃபேஸை லேப்டாப்ல நேரா சொருகுங்க. டிஸ்க்குக்கு அடாப்டர் வெச்ச ஹப், ஒரு அடிக்கு மேல நீளாத கேபிள்.

கணபதிக்காரர்கிட்ட ஒரு கேள்வி: டிஸ்க் எங்க இருக்குது?

கணபதி: ஸ்பீக்கர் வெச்ச அதே மேசையிலங்க.

அப்ப உங்க காதும் பொய் சொல்லலை. 5400 சுத்துன்னா நொடிக்கு 90 சுத்து. டிஸ்க்கோட அதிர்வு 90 ஹெர்ட்ஸ்ல மேசையில ஏறும். பலகை மெல்லிசா இருந்தா அதுவே பெட்டியா முழங்கும். பாஸ் தளர்ந்து கேக்கறதுக்கு இது போதும். 7200 டிஸ்க்னா 120. மைக் ஸ்டாண்டும் அதே மேசையில இருந்தா பதிவுலயே விழும். ஸ்பெக்ட்ரம்ல பாருங்க: 50, 100ல நின்னா அது கரண்ட் ஹம், 90ல நின்னா டிஸ்க். ஜமக்காளத்தை நாலா மடிச்சு, அது மேல டிஸ்க்கைத் தரையில வையுங்க. காத்தோட்டத்தை அடைச்சிராதீங்க.

காங்கேயம்: சரி, ஒத்துக்கறேன். ஆனா அது எஸ்எஸ்டியோட மகிமை இல்லையே?

இல்லைங்க. மேசையோட மகிமை.

பள்ளிபாளையம்: அதிர்வுன்னதும் கேக்கறேன். கீழ விசைத்தறி ஓடுது, மாடியில ஸ்டூடியோ. ஹார்டு டிஸ்க் தாங்குமா?

பதியறது எஸ்எஸ்டியிலன்னா கவலையில்லை, அதுல ஓடற பாகமே கிடையாது. ஹார்டு டிஸ்க்ல தலைக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மயிரிழையை விடப் பல மடங்கு கம்மி. 2016ல புக்கரெஸ்ட்ல ஒரு வங்கியோட டேட்டா சென்டர்ல தீயணைப்பு வாயுவைச் சோதிச்சப்ப, வாயு பீறிட்ட சத்தத்துலயே டிஸ்க்குகள் கெட்டுப் போச்சு. தறி அந்த அளவுக்குப் போகாது, ஆனா தறி ஓடற நேரத்துல பேக்கப் எடுக்காதீங்க. மேடையில பாஸ் பெட்டி மேல டிஸ்க் வெக்கற பழக்கத்தையும் ஒட்டுக்கா விட்டுருங்க.

உடுமலை: ரெண்டு டிஸ்க்கை ரெய்டு 1ல (எழுதறது ரெண்டுலயும் ஒண்ணா ஏறற முறை) போட்டா பேக்கப் ஆச்சுங்களா?

ஆகாது. தப்பா அழிச்சா ரெண்டுலயும் ஒரே நொடியில அழியும். மிர்ரர்னு ஓட்டற காப்பி மென்பொருளும் அப்படித்தான்: எது மூலம், எது நகல்னு மாத்திப் போட்டா காலி டிஸ்க்கைப் பாத்து நிறைஞ்சதை அழிச்சுரும். சரிபார்த்துக் காப்பி பண்றதா ஒண்ணு புடிங்க, டெராகாபியில 'வெரிஃபை' போட்டா போதும். மூணு நகல், ரெண்டு வகை ஊடகம், ஒண்ணு வேற வீட்டுல.

கரூர்: பழைய எஸ்எஸ்டியை அட்டாலியில போட்டு வெச்சா எத்தனை வருசம் தாங்கும்?

போடவே போடாதீங்க. எழுதித் தேஞ்ச எஸ்எஸ்டி கரண்ட் இல்லாம 30 டிகிரியில ஒரு வருசம் காக்கணும், ஜெடெக்ங்கற சிப் தர அமைப்போட தரம் கேக்கறதே அவ்வளவுதான். சூடு ஏற ஏற அது குறையும். கரூர் அட்டாலி சித்திரையில 30 டிகிரியிலயா நிக்கும்? அலமாரிக்கு ஹார்டு டிஸ்க். ஆறு மாசத்துக்கு ஒருக்கா சொருகி, டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள்ல 5, 197, 198 வரிசைகளை (கெட்ட இடங்களோட கணக்கு) பாருங்க. பூஜ்யத்தை விட்டு நகர்ந்தா அன்னைக்கே காப்பி. 199 மட்டும் ஏறினா டிஸ்க் நல்லாருக்கு, கேபிளை மாத்துங்க.

பெருந்துறை: டிஸ்க் 'டிக் டிக்'குனு அடிக்குது. ஃபிரிட்ஜுல வெச்சா சரியாகும்னாங்க.

கரண்டைப் புடுங்குங்க. திறக்காதீங்க, ஃபிரிட்ஜ் வேண்டாம், உள்ள ஈரம் கோத்துக்கும். மீட்புக் கடைக்குத் தாட்டிவிடுங்க.

பல்லடம்: 12 மைக், நாலு மணி நேரம். எத்தனை டிபிங்க? அப்புறம், வேலை முடிஞ்சதும் கார்டை அங்கயே அழிச்சரலாமா?

25 ஜிபி. அழிக்காதீங்க.