தீயணைப்பு நிலையம் கேட்டால் பணம் எங்கிருந்து வரும்?

கேள்வி: எங்கள் பேரூராட்சிக்கு 22 கி.மீ. தள்ளியிருந்துதான் தீயணைப்பு வண்டி வர வேண்டும். பேரூராட்சி நிதியிலேயே ஒரு வண்டி வாங்கக் கூடாதா?
- வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது மாநிலத் துறை. சம்பளம், டீசல், கட்டடம் எல்லாமே சட்டமன்றம் ஒப்புதல் தரும் மானியக் கோரிக்கையிலிருந்து, அதாவது துறையின் ஆண்டுச் செலவு ஒதுக்கீட்டிலிருந்து, வருபவை. வண்டியை ஒருமுறை வாங்கிவிடலாம். ஆளுக்குச் சம்பளம் மாதாமாதம் வேண்டுமே! ஓட்டுநரோடு ஆறு பேர் என்றாலும் மூன்று ஷிப்டுக்கு 18 பேர். விடுப்புக்கு மாற்று ஆள் தனி. ஆளில்லாத வண்டி ஷெட்டிலேயே நின்று பேட்டரி இறங்கிவிடும், பம்பின் சீல் காய்ந்து ஒழுகும்.

ஆகவே நிலையம் கேட்டு மனுக் கொடுங்கள். ஆட்சியருக்கு ஒன்று, தீயணைப்பு மாவட்ட அலுவலருக்கு ஒன்று. கிராமப்புறத்தில் 50 சதுர கி.மீ.க்கு ஒரு நிலையம், 20 நிமிடத்தில் வண்டி என்பது தேசிய அளவில் பரிந்துரைக்கப்பட்ட அளவுகோல். கடந்த சில ஆண்டுகளில் நடந்த தீ விபத்துகளின் தேதி, வண்டி வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் அட்டவணையாக இணையுங்கள். காலியாக உள்ள அரசு நிலத்தின் சர்வே எண்ணையும் சேருங்கள். பல கோரிக்கைகள் இடம் கிடைக்காமலேயே தேங்கிவிடுகின்றன.

கேள்வி: தீயணைப்புத் துறைக்கு மத்திய அரசு 5,000 கோடி ஒதுக்கியதாகச் சொல்கிறார்களே?
- வாசகி, கரூர்

பதில்: உண்மைதான். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்த தொகை அது. திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. ஆனால் நாடு முழுமைக்கும் சேர்த்துத்தான் 5,000 கோடி. அதிலும் 500 கோடி, சட்டச் சீர்திருத்தம் போன்றவற்றைச் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் திட்டச் செலவில் 25 சதவீதத்தைத் தம் பணத்திலிருந்து போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 10 சதவீதம். புதிய நிலையம், கருவி, பயிற்சி மையம் ஆகியவற்றுக்கானது இது. உள்ளாட்சி நேரடியாக விண்ணப்பிக்க வழியில்லை.

கேள்வி: நிலையம் வரும்வரை ஊராட்சி என்ன செய்யலாம்?
- வாசகர், சிவகங்கை

பதில்: தண்ணீருக்கு வழி செய்யலாம். வழக்கமான வண்டியில் 4,500 லிட்டர் இருக்கும். 20 மி.மீ. நாசில் போட்டு முழு அழுத்தத்தில் அடித்தால் ஆறேழு நிமிடத்தில் தீர்ந்துவிடும். மறுபடி நிரப்ப வண்டி எங்கே போகும்? மேல்நிலைத் தொட்டியின் இறங்கு குழாயில் ஒரு வால்வும், ஹோஸை மாட்டும் இணைப்பான 63 மி.மீ. கப்ளிங்கும் வையுங்கள். வண்டியின் ஹோஸ் அதில்தான் 'டக்'கென்று உட்காரும்; தோட்டத்து மோட்டார் குழாய்க் கப்ளிங் பொருந்தாது. வேலை முடிவதற்குள் அருகிலுள்ள நிலைய அலுவலரை அழைத்து, ஹோஸை ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கிணற்றை நம்பியிருந்தால், நீர்மட்டம் பம்பிலிருந்து 7 மீட்டருக்குக் கீழே போனால் இழுக்காது. கோடையில்தான் போகும், தீயும் அப்போதுதான் பிடிக்கும்.