ராப் என்றாலே அடிதடிப் பாட்டு என்று ஏன் காட்டுகிறார்கள்?

கேள்வி: "பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பி எந்நேரமும் ராப்தான் கேட்கிறான். செய்தியிலும் சினிமாவிலும் பார்த்தால் ராப் என்றாலே அடிதடி, போதை, காசுத் திமிர் என்றுதான் வருகிறது. அம்மா பயப்படுகிறார். ராப்பே அப்படித்தானா, இல்லை அப்படிக் காட்டுகிறார்களா?"

நான் சேலம் குகைப் பகுதியில் மைக்செட் வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய தொழில், இருபத்திரண்டு வருஷமாக என் கையில் இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், ஆடித் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் போகிறேன். எல்லா வகைப் பாட்டும் என் பெட்டி வழியாகத்தான் போகிறது, அதனால் இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்று. ராப் பிறந்தது ஒரு மைக்செட்டில். 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடியில் ஒரு சின்ன விழா. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத்துணி எடுக்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஏற்பாடு செய்தது. நுழைவுக் கட்டணம் பெண் பிள்ளைகளுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ். அவரைத்தான் உலகம் டிஜே கூல் ஹெர்க் என்று அழைக்கிறது. ஜமைக்காவிலிருந்து 1967-இல் வந்த குடும்பம். அப்பா வாங்கி வைத்திருந்த ஒலிபெருக்கிகளைத்தான் பையன் எடுத்து ஓட்டினான். இதைப் படித்த அன்று எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

பாட்டில் வெறும் டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தில்தான் கூட்டம் துள்ளி ஆடுகிறது என்று ஹெர்க் கவனித்தார். அந்த இடம் சில நொடிதான் இருக்கும். அதனால் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் அதே இடத்தை ஓடவிட்டார். நடுவில் மைக்கை எடுத்து நண்பர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் கூப்பாடு வளர்ந்துதான் ராப் ஆனது. அப்புறம் அதே ஊரில் பூங்காவிலும் தெருவிலும் கச்சேரி நடத்தியபோது விளக்குக் கம்பத்திலிருந்துதான் கரண்ட் எடுத்தார்கள். இங்கே திருவிழாவில் கம்பத்தில் கொக்கி போட்ட எந்த மைக்செட்காரருக்கும் அந்தக் காட்சி கண்ணில் தெரியும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். போன ஆடியில் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் நடந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கையைப் பார்க்க ஊரே திரண்டிருந்தது. எட்டரை மணிக்கு நாலு பையன்கள் வந்து, "அண்ணா, பதினைஞ்சு நிமிஷம் மைக் குடுங்க, நாங்களே எழுதின ராப்பு" என்று கேட்டார்கள். கமிட்டியில் பெரியவரிடம் கேட்டேன், சரி என்றார். முன்னால் நின்ற பையனுக்குப் பத்தொன்பது வயசிருக்கும். கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. மைக்கை வாங்கும்போது பார்த்தேன், விரல் நுனியெல்லாம் சுட்டுச் சுட்டுக் காய்த்திருந்தது. டிவியில் பார்த்த மாதிரி மைக்கின் தலையை முழுசாகப் பொத்திப் பிடித்தான். "தலையைப் பொத்தாதே தம்பி, கூவும்" என்றேன். "சரிங்கண்ணா" என்று கையை இறக்கினான். இறக்கியபோது கை நடுங்கியது.

அவன் பாடியதில் இரண்டு வரி இன்னும் எனக்கு மனப்பாடம்.

"கிலோக்கணக்கில் கொலுசு செஞ்சேன், கிராமுக்குக் கணக்கு கேட்டாங்க,
ஊரெல்லாம் சலங்கை சத்தம், எங்கம்மா காலை யாரு பாத்தாங்க."

சேதாரத்தைக் காரணம் காட்டிக் கூலியில் பிடிப்பது இந்த ஊரில் பட்டறை வேலைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை. ஒரு அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசிப் பாட்டுக்கு முன்வரிசையில் சின்னப் பையன்கள் குதித்து ஆடினார்கள், ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுந்தான், ஒரு நாற்காலி உடைந்தது. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் உள்ளூர்ச் செய்தி ஒன்றில் அந்த நாற்காலி மட்டும் வந்தது. "கோயில் விழாவில் ராப் பாடி ரகளை" என்று தலைப்பு. பதினைந்து நிமிஷத்தில் இருபது நொடியை வெட்டி எடுத்திருந்தார்கள். கொலுசு இல்லை, சேதாரம் இல்லை, அம்மா இல்லை. அந்தப் பையனை முதலாளி கூப்பிட்டுத் திட்டினார் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அமெரிக்காவில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. போலீஸ் அராஜகத்தைப் பாடியதற்காக 1989-இல் எஃப்பிஐ என்ற அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் அதிகாரி ஒருவர் என்டபிள்யூஏ என்ற ராப் குழுவின் இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். அதே வருஷம் கிராமி விருதில் முதல் முறையாக ராப்புக்கு ஒரு பிரிவு கொடுத்தார்கள், ஆனால் அந்த விருது வழங்குவதை டிவியில் காட்ட மறுத்தார்கள். விருது வாங்கியவர்கள் உட்படப் பலர் விழாவுக்கே போகவில்லை. 1996-இல் டூபாக், 1997-இல் பிக்கி என்று பேர்பெற்ற ராப் பாடகர்கள் இரண்டு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு செய்திக்காரர்களுக்கு ராப் என்றால் துப்பாக்கி என்று ஆகிவிட்டது. பாட்டு வரியையே நீதிமன்றத்தில் குற்றத்துக்குச் சாட்சியாக நீட்டுகிற வழக்கமும் வந்தது. அதைக் கட்டுப்படுத்தக் கலிபோர்னியா 2022-இல் சட்டம் போட வேண்டியிருந்தது. கதாநாயகன் பத்துப் பேரை வெட்டுகிற படத்தை எழுதியவரை யாரும் கொலைகாரர் என்று சொல்வதில்லையே!

ஆனால் பழியை முழுக்கச் செய்திக்காரர்கள் மேல் போட எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. முன்னணியில் ஓடுகிற ராப்பில் பாதிக்கு மேல் வெற்றுப் பாட்டு. கார், கஞ்சா, கழுத்துச் சங்கிலி, பெண்களைக் கேவலமாகப் பேசுவது. காதுகுத்து வீட்டில் பாட்டிமார் உட்கார்ந்திருக்கும்போது அந்த மாதிரிப் பாட்டைப் போடச் சொன்னால் போடமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், அதனால் கூலி குறைந்ததும் உண்டு. இது ராப்பின் குணம் என்று சொன்னால் அதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எது மேலே வருகிறது என்பதை முடிவு செய்கிற கை வேறு.

1996-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ஒரே நிறுவனம் நாடு முழுக்க இத்தனை வானொலி நிலையம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை அது எடுத்துவிட்டது. சில வருஷத்தில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஆயிரத்துக்கு மேல் நிலையங்கள் சேர்ந்தன. அந்தந்த ஊர் நிலையத்தில் அந்த ஊர்ப் பையன் பாட்டைப் போடுகிற வழக்கம் தேய்ந்து, எங்கோ ஓரிடத்தில் தயாரான பட்டியல் எல்லா ஊரிலும் ஓடியது. இப்போது ஸ்ட்ரீமிங். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதனால் எடுத்த எடுப்பிலேயே பிடிக்க வேண்டும், பாட்டும் குட்டையாக இருக்க வேண்டும். இரண்டாம் சரணத்தில் மெதுவாகத் திறக்கிற கதைக்கு அங்கே இடம் குறைவு. இதையெல்லாம் மீறியும் கென்ட்ரிக் லமார் மாதிரி ஒரு ராப் பாடகர் வந்து, 2018-இல் புலிட்சர் இசைப் பரிசு வாங்கினார். அதற்கு முன் அந்தப் பரிசு செவ்வியல் இசையையும் ஜாஸையும் தாண்டிப் போனதே இல்லை. முன்னணியிலும் நல்லது உண்டு, தேட வேண்டும்.

நம் பக்கம் அந்தக் கை சினிமா. எங்கள் ஊருக்கு இது நன்றாகத் தெரியும். ஏற்காடு போகிற ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது. ஒரு காலத்தில் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனால்தான் பாடகர், பாடலாசிரியர் எல்லாம். 1994-இல் ஏ.ஆர். ரகுமானின் 'பேட்டை ராப்' வந்தபோது அப்பா அந்தக் கேசட்டைத் தேயத் தேய ஓட்டினார். 2006-இல் மலேசியாவின் யோகி பி குழு தமிழ் ராப்பைத் தனி ஆல்பமாகக் கொண்டுவந்தது. பிறகு கோயம்புத்தூர் 'ஹிப்ஹாப் தமிழா' ஆதி இணையம் வழியாக வளர்ந்து சினிமாவுக்குள் போனார். இன்றைக்குப் படங்களில் ராப் பெரும்பாலும் கதாநாயகன் நடந்து வரவும் அடியாள் கூட்டம் இறங்கவும் பின்னால் ஓடுகிறது. உங்கள் அம்மா பார்ப்பது அந்தக் காட்சியை. பயப்படாமல் என்ன செய்வார்?

அறிவு என்ற ராப் பாடகரின் கதை இன்னும் வலிக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அவர் எழுதிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021-இல் உலகமெல்லாம் போனது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் உடன் பாடிய தீ என்ற பாடகி இருந்தார், எழுதியவர் இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகுதான் இணையத்தில் அவருக்குத் தனி அட்டை போட்டார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன குடும்பங்கள் எங்கள் தெருவில் உண்டு. அந்தப் பாட்டை நான் போடும்போது அவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களை எந்த அட்டையிலும் பார்த்ததில்லை.

உங்கள் தம்பி விஷயத்துக்கு நான் சொல்வது இதுதான். ஹெட்போனைப் பிடுங்காதீர்கள். அவனுக்குப் பிடித்த ஒரு பாட்டின் வரியை உங்களுக்கும் அம்மாவுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேவலமான வரி என்றால் அம்மா முன்னால் படிக்க அவனுக்கே நாக்கு எழாது. நல்ல வரி என்றால் அம்மாவே இன்னொரு முறை படி என்பார். அவனும் எழுதுகிறானா என்று மெதுவாகக் கேளுங்கள். இந்த வயசில் ராப் கேட்கிற பிள்ளைகள் பல பேர் நோட்டுக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள்.

அந்தப் பட்டறைப் பையன் இந்த ஆடிக்கும் மைக் கேட்டு வந்தான். புதுசாக மூன்று பாட்டு எழுதியிருக்கிறானாம். கமிட்டி இன்னும் பதில் சொல்லவில்லை, போன வருஷச் செய்தியைச் சொல்லி யோசிக்கிறார்கள். பெரியவரிடம் நான் இரண்டு தடவை பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். நாற்காலிக் காசு நானூறு ரூபாயை என் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.